காய்ந்த மண் அதிகம் குடிக்குமா?

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இரண்டு பேச்சு கேட்கும். "பூமி காஞ்சு கெடக்கு, எவ்வளவு பெஞ்சாலும் குடிச்சிரும்" என்பது ஒன்று. "பெஞ்ச மழை பூரா ஓடையிலதான் போச்சு, நிலத்துல எறங்கவே இல்ல" என்பது இன்னொன்று. இரண்டும் கண்ணால் கண்ட உண்மைதான். ஆனால் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்றையொன்று மறுப்பதுபோல் இருக்கிறது. காய்ந்த மண்ணுக்குள் தண்ணீர் வேகமாகப் போகுமா, மெதுவாகப் போகுமா? நனைந்த மண்ணில் எப்படி? இது சரியாகப் பிடிபடாததால் பாசனத்தில் தண்ணீர் வீணாகிறது, கிணறு ஊறாததற்குத் தவறான காரணம் சொல்லப்படுகிறது, நல்ல நெல் வயல் வெடித்துக் கெடுகிறது.

இதைப் புரிந்துகொள்ளத் திருநெல்வேலிச் சீமையை விட வசதியான இடம் கிடைப்பது கடினம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் இரு கரையிலும் வண்டல் கலந்த நன்செய் இருக்கிறது. ஆலங்குளம், நாங்குநேரி பக்கம் செவல் என்னும் செம்மண். கோவில்பட்டி, விளாத்திகுளம், சங்கரன்கோவில் பக்கம் கரிசல். சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கம் தேரி என்னும் செம்மணல் மேடுகள். தூத்துக்குடியும் தென்காசியும் தனி மாவட்டங்கள் ஆகிவிட்டாலும், மண்ணைப் பற்றிப் பேசும்போது பழைய சீமையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

வாளியில் தொங்கும் துணி

ஒரு வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, அதன் விளிம்பில் காய்ந்த துண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஒரு முனை தண்ணீருக்குள் இருக்கட்டும். மறுமுனை வெளியே, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே தொங்கட்டும். துண்டு உடனே தண்ணீரை இழுக்கத் தொடங்கும். ஈரம் விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கம் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட விழாது. வரும் தண்ணீரை எல்லாம் காய்ந்த பகுதி தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்கிறது. முழுத் துண்டும் நனைந்து முடிந்த பிறகுதான் மறுமுனை சொட்ட ஆரம்பிக்கும். அப்புறம் விடாமல் சொட்டும்.

இப்போது கவனியுங்கள். காய்ந்திருந்தபோது துண்டு பலமாக இழுத்தது, ஆனால் எதையும் கடத்தவில்லை. நனைந்த பிறகு அதற்கு இழுக்கும் பலம் ஏறக்குறைய இல்லை, ஆனால் தண்ணீரைத் தாராளமாகக் கடத்துகிறது. குடிப்பது வேறு, கடத்துவது வேறு. டீக்கடைப் பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

மண்ணுக்குள் இருக்கும் வழிகள்

மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளுக்கு நுண்துளைகள் என்று பெயர். ஒரு கன அடி மண்ணை வெட்டி எடுத்தால் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான இடம் இந்தத் துளைகள்தான். அதில் தண்ணீர் இருக்கும், இல்லாவிட்டால் காற்று இருக்கும்.

துளை எவ்வளவு குறுகலோ, அவ்வளவு இறுக்கமாகத் தண்ணீரைப் பிடிக்கும். 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் நிறுத்தினால் அதற்குள் தண்ணீர் தானாகச் சுமார் 30 செ.மீ. ஏறி நிற்கும். விட்டம் 0.01 மில்லிமீட்டர் ஆனால் சுமார் 3 மீட்டர் ஏறும். இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். மண் தண்ணீரைப் பிடித்து இழுக்கும் இந்த விசையை இனி இழுவை என்று சொல்கிறேன். மண் காயக் காய இழுவை கூடிக்கொண்டே போகும். ஏனென்றால் கடைசியில் தண்ணீர் மிஞ்சியிருப்பது மிகக் குறுகலான துளைகளில் மட்டும்தான்.

அடுத்தது கடத்துதிறன். மண் தன் வழியே தண்ணீரை எவ்வளவு எளிதாக நகரவிடுகிறது என்பதன் அளவு அது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. மண் காயத் தொடங்கும்போது முதலில் காலியாவது அகலமான துளைகள். தண்ணீர் அதிகம் ஓடுவதும் அவற்றில்தான். ஒரு குழாயின் விட்டம் பாதியானால் அதில் ஓடும் தண்ணீர் பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதனால் அகலமான துளைகளில் காற்று புகுந்த உடனே ஓட்டம் படுத்துவிடுகிறது. நன்றாக நனைந்த நிலையிலிருந்து பயிர் வாடும் நிலைக்கு மண் காய்வதற்குள் கடத்துதிறன் லட்சக்கணக்கான மடங்கு குறைந்துவிடும்.

மணல் வழியே தண்ணீர் ஓடுவதற்கு 1856இல் பிரான்சின் டிஜோன் நகரத்துப் பொறியாளர் ஹென்றி டார்சி ஒரு விதி சொன்னார். அது துளை முழுக்கத் தண்ணீர் நிரம்பியிருக்கும் நிலைக்கு. பாதி நனைந்த மண்ணில் கடத்துதிறனே ஈரத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டிருக்கும் என்பதை 1907இல் அமெரிக்காவில் எட்கர் பக்கிங்காம் எழுதிக் காட்டினார். அன்றிலிருந்து இன்றுவரை மண்நீர் பற்றிய கணக்குகள் எல்லாம் இந்த இரண்டின்மேல்தான் நிற்கின்றன.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால், காய்ந்த மண்ணுக்கு இழுவை அதிகம், கடத்துதிறன் மிகக் குறைவு. நனைந்த மண்ணுக்கு இழுவை குறைவு, கடத்துதிறன் அதிகம். காய்ந்த நிலத்தில் தண்ணீர் விட்டால் முதல் சில நிமிடம் விறுவிறுவென்று இழுத்து, பிறகு வேகம் குறைந்து, ஒரு நிலையான அளவில் நின்றுவிடுவது இதனால்தான். முதலில் வேலை செய்தது இழுவை. பின்னால் வேலை செய்வது பூமியின் ஈர்ப்பு.

தேரிக்கு ஒரு வார்த்தை. தேரி மணலில் துளைகள் பெரியவை. நனைந்தால் தண்ணீர் சடாரென்று இறங்கும், காய்ந்தால் வழி சட்டென்று அடைந்துவிடும். மேல் மணல் காலைச் சுடும்போதும் கொஞ்சம் தோண்டினால் ஈரம் தட்டுப்படுவது அதனால்தான். காய்ந்த மேல் மணல் கீழிருந்து தண்ணீரை மேலே வரவிடுவதில்லை. ஆவியாகக் கசிவது மட்டும்தான் முடியும். கரிசலிலும் செவலிலும் மழைக்குப் பின் மேல்மண்ணை லேசாகக் கொத்திவிடுவதன் பின்னால் இருப்பதும் இதே கணக்கு.

காயும்போது ஒரு கணக்கு, நனையும்போது வேறு கணக்கு

பெரும்பாலானவர்கள் கேள்விப்படாத பகுதி இது. ஒரே மண், ஒரே இழுவை. ஆனால் அது நனைந்து காய்ந்துகொண்டிருக்கிறதா, காய்ந்து நனைந்துகொண்டிருக்கிறதா என்பதைப் பொறுத்து அதில் உள்ள தண்ணீரின் அளவு வேறுபடும். இதற்குத் தயக்கம் என்று பெயர்.

காரணம் துளைகளின் வடிவம். மண்ணின் துளைகள் குழாய்போல் சீராக இருப்பதில்லை. நடுவில் அகன்று, இருபுறமும் குறுகி இருக்கும். காயும்போது நடுவில் உள்ள தண்ணீர் வெளியேற வேண்டுமானால் குறுகிய வாயில் இருக்கும் தண்ணீர் முதலில் அறுபட வேண்டும். அதற்கு இழுவை நிறையக் கூட வேண்டும், அதுவரை தண்ணீர் உள்ளேயே இருக்கும். நனையும்போது நிலைமை தலைகீழ். வாய் சீக்கிரம் நிரம்பிவிடும், ஆனால் அகன்ற நடுப்பகுதி நிரம்ப வேண்டுமானால் இழுவை மிகவும் குறைய வேண்டும். ஆகவே ஒரே இழுவையில், காய்ந்துவரும் மண்ணில் தண்ணீர் கூடுதலாகவும் நனைந்துவரும் மண்ணில் குறைவாகவும் இருக்கும். 1930இல் ஹெய்ன்ஸ் என்பவர் இந்த விளக்கத்தை முன்வைத்தார்.

இதனால் பயிருக்கு ஒரு நன்மை உண்டு. மழை விட்ட பிறகு மேல்மண் காயத் தொடங்குகிறது, அதே நேரத்தில் அதற்குக் கீழே உள்ள மண் நனைந்துகொண்டிருக்கிறது. தயக்கம் இருப்பதால் மேல்மண் தன் தண்ணீரை எளிதில் கீழே விட்டுக்கொடுக்காது. வேர் இருக்கும் இடத்தில் ஈரம் நாம் நினைப்பதை விட அதிக நாள் நிற்கிறது.

இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது, அது அடைபட்ட காற்று. காய்ந்த வயலில் தண்ணீர் பாய்ச்சும்போது முன்னேறும் தண்ணீருக்குப் பின்னால் குமிழ்குமிழாய்க் காற்று வருவதைக் கவனித்திருப்பீர்கள். வெளியே வரத் தெரிந்த காற்று அது. வெளியேற முடியாத காற்று துளைகளுக்குள்ளேயே சிக்கி வழியை மறித்து நிற்கும். அதனால்தான் காய்ந்து நனைந்த மண், முதல் பாய்ச்சலில் தன் துளைகளை முழுமையாக நிரப்பிக்கொள்வதில்லை.

செவலில் மழை ஏன் ஓடிப்போகிறது

இதை வீட்டிலேயே பார்க்கலாம். செவல் காட்டிலிருந்து ஒரே அளவில் இரண்டு மண்ணாங்கட்டி எடுத்து வாருங்கள். இரண்டையும் நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ஒன்றை ஈரத்துணியில் பொதிந்து ஓர் இரவு வையுங்கள், மெல்ல ஈரம் ஏறட்டும். மறுநாள் இரண்டையும் இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாகப் போடுங்கள். காய்ந்த கட்டியிலிருந்து குமிழிகள் கிளம்பும், ஓரங்கள் பொலபொலவென்று உதிரும், கொஞ்ச நேரத்தில் டம்ளரின் அடியில் சேறாகப் படிந்துவிடும். ஈரம் ஏறிய கட்டி பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

காய்ந்த கட்டி எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பலமாகத் தண்ணீரை இழுத்தது. உள்ளே இருந்த காற்றுக்கு வெளியேற வழி இல்லாமல் அழுத்தம் கூடி, கட்டியை உடைத்துவிட்டது. பலமான இழுவையே அதற்கு எமனாகிறது.

இதே கதைதான் முதல் மழையில் செவல் காடு முழுவதும் நடக்கிறது. மேல்மண் கட்டிகள் உடைந்து, பொடி கரைந்து, துளைகளின் வாயை அடைக்கிறது. காய்ந்ததும் மேலே பொருக்கு தட்டுகிறது. பொருக்குக்குக் கீழே மண் வறண்டு கிடந்தாலும் அதற்குள் தண்ணீர் போக முடியாது, சரிவைப் பார்த்து ஓடுகிறது. முதலில் சொன்ன இரண்டாவது பேச்சுக்கு இதுதான் விடை. மழைத்துளி நேராக மண்ணில் அடிக்காதபடி இலைதழை, தட்டை, மூடாக்கு ஏதாவது கிடந்தாலே பொருக்கு வெகுவாகக் குறையும். மட்கு சேர்ந்த மண் தண்ணீரில் எளிதில் உடையாது. காட்டைத் துடைத்துவைத்தாற்போல் வெறுமையாக விடுவதை நான் மனதார எதிர்க்கிறேன்.

கரிசல் தனி ரகம்

கரிசலின் களிமண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் நிறைய உண்டு. தண்ணீர் அதன் மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே புகுந்து மண்ணையே உப்பவைக்கும், தண்ணீர் போனால் சுருங்கும். சுருங்கும்போது நிலம் பாளம்பாளமாக வெடிக்கிறது. கோடையில் விளாத்திகுளம் பக்கத்துக் காட்டில் நின்று ஒரு வெடிப்புக்குள் பருத்திமாரை விட்டுப் பாருங்கள், தடங்கலில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வெடிப்புகள் ஒரு மீட்டர் ஆழம் வரைகூடப் போகும்.

ஆகவே காய்ந்த கரிசலில் முதல் பெருமழை நுண்துளை வழியாக இறங்குவதில்லை. வெடிப்பின் வாயில் சரிந்து நேராக அடிக்குப் போய், அங்கிருந்து பக்கவாட்டில் ஊறுகிறது. மழை நின்றதும் ஒரு பாளத்தைப் பெயர்த்துப் பார்த்தால் மேலே ஒரு விரற்கடை ஈரம், நடுவில் வறட்சி, அடியில் மறுபடி ஈரம் என்று இருக்கும். மேலே இருந்து வரிசையாக நனையும் என்ற எண்ணத்தை இந்த ஒரு காட்சியே மாற்றிவிடும்.

மழை தொடர்ந்தால் மண் உப்பி, வெடிப்புகள் மெல்ல மூடிக்கொள்கின்றன. மூடிய பிறகு கரிசலுக்குள் மணிக்குச் சில மில்லிமீட்டர் தண்ணீர் போனாலே பெரிது. காய்ந்தபோது ஆழம்வரை தண்ணீரை விழுங்கிய அதே நிலம், இப்போது மேலே குளமாகக் கட்டிக்கொண்டு நிற்கிறது. "காய்ந்தால் அதிகம் இறங்கும், நனைந்தால் இறங்காது" என்ற எண்ணம் கரிசல்காரர்களுக்கு வந்தது இப்படித்தான். அவர்கள் மண்ணுக்கு அது சரி. அதையே செவலுக்கும் தேரிக்கும் சொல்லும்போதுதான் தவறாகிறது.

வெடிப்பால் கேடும் உண்டு. கோடைக் காற்று அதன் வழியே இறங்கி, ஆழத்து ஈரத்தையும் பக்கச் சுவர்களிலிருந்து உலர்த்திவிடும். சித்திரை மழைக்கு ஓர் உழவு போட்டு வெடிப்பின் வாயைப் புழுதியால் மூடும் பழக்கம் இந்த இழப்பைத் தடுக்கிறது.

மாடியில் தொட்டிச் செடி வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். தென்னை நார்க்கழிவு நன்றாகக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகிவிடும். மேலே ஊற்றிய தண்ணீர் அந்த இடுக்கு வழியே இறங்கி அடித்துளையில் கொட்டும். "தண்ணி கீழ வந்துட்டு, போதும்" என்று நிறுத்திவிடுவோம், நடுவில் வேர் வறண்டே இருக்கும். அப்படிக் காய்ந்த தொட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுப் பலமுறை ஊற்ற வேண்டும். இல்லையென்றால் தொட்டியையே ஒரு வாளித் தண்ணீரில் சிறிது நேரம் இறக்கி வைக்கலாம்.

கிணறு ஏன் பிந்தி ஊறுகிறது

ஐப்பசியில் நல்ல மழை பெய்தும் கிணற்றில் மட்டம் ஏறவில்லை என்ற வருத்தம் செவல் காடுகளில் அடிக்கடி கேட்கும். வாளித் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் மண் முழுவதும் நனைந்து முடியும் வரை அடியில் சொட்டாது.

நன்றாகக் காய்ந்த செவல் மண் ஓர் அடி ஆழம் நனைய ஏறக்குறைய 3 முதல் 4 செ.மீ. மழை உள்ளே இறங்கியாக வேண்டும். பாறைக்கு மேல் ஐந்தடி மண் இருந்தால் 15 முதல் 20 செ.மீ. அதை மண்ணே பிடித்துவைத்துக்கொள்ளும். அதற்கு மேல் வருவதுதான் கீழே கசியும். அதனால் ஐப்பசி மழை மண்ணுக்கு, கார்த்திகை மழை கிணற்றுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் மூன்று வாரம் வெயில் அடித்து மண் மறுபடி காய்ந்துவிட்டால் இந்தக் கணக்கு மறுபடி தொடக்கத்துக்கு அருகில் போய்விடும். மொத்த மழை ஒன்றாகவே இருந்தாலும் ஒரு வருஷம் கிணறு நிரம்புவதும் இன்னொரு வருஷம் நிரம்பாததும் பெரும்பாலும் இந்த இடைவெளியால்தான்.

ஆக, மண்ணுக்குள் தண்ணீரின் போக்கைச் சொல்ல எவ்வளவு பெய்தது என்பது மட்டும் போதாது. மழைக்கு முன் மண் எப்படி இருந்தது, எந்தத் திசையில் மாறிக்கொண்டிருந்தது, அது என்ன மண் என்பதும் தெரிய வேண்டும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. மண் ஏற்கெனவே நனைந்திருந்ததால்தான் வெள்ளம் என்று அப்போது பலர் பேசினார்கள். ஒரு மீட்டர் ஆழ மண்ணில் துளைகளின் மொத்த இடமே 40 அல்லது 50 செ.மீ. தண்ணீருக்குத்தான். சொட்டு ஈரமில்லாமல் வறண்டிருந்தாலும் அந்த மழையில் பாதிக்கு மேல் வைக்க அதில் இடம் கிடையாது. அன்றைய மழைக்கு முன் மண்ணின் நிலை இரண்டாம் பட்சம்தான்.

தாமிரபரணி வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும்

நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை, காயவிட்டுப் பாய்ச்சினால் போதும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல முறைதான், கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் பொருந்தும். ஆனால் "காய்ச்சல்" என்றால் வயல் வெடிக்கும் வரை விடுவது என்று பலர் புரிந்துகொண்டிருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

நடவுக்கு முன் தொழி கலக்கும்போது, அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக உழும்போது, மேல்மண்ணின் பெரிய துளைகளை நாமே நசுக்கிவிடுகிறோம். அதற்குக் கீழே வருஷக்கணக்காக உழவும் மிதியும் பட்டு இறுகிய ஒரு தட்டு இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் வயலில் தண்ணீரை நிற்கவைக்கின்றன. தொழி மண் ஆழமாகக் காய்ந்து வெடித்தால் வெடிப்பு அந்தத் தட்டு வரை இறங்கும், சில இடங்களில் தட்டையும் பிளக்கும். அப்புறம் மடையைத் திறந்தால் தண்ணீர் பயிருக்கு நிற்காமல் வெடிப்பு வழியே கீழே போய்விடும். ஒருமுறை சுருங்கிய தொழி மண் மறுபடி நனைந்தாலும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. வெடிப்பு அதே இடத்தில் மறுபடி திறக்கும். தண்ணீரை மிச்சம் பிடிக்கப் போய், பாய்ச்சும் அளவு கூடிவிடுகிறது.

எங்கே நிறுத்துவது என்பதற்கு எளிய வழி இருக்கிறது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரவலாக்கிய முறை அது. ஒரு முழ நீளத்துக்குச் சற்றுக் குறைந்த பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பகுதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பகுதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் நட்டு, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். மேலே தண்ணீர் வற்றிய பிறகும் குழாய்க்குள் மட்டம் தெரியும். அது தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும்போது பாய்ச்ச வேண்டிய நேரம் வந்துவிட்டது. அந்த நிலையில் மேல்மண்ணில் மயிரிழைக் கீறல்தான் இருக்கும். வேர்ப் பகுதியில் இழுவை இன்னும் மிகக் குறைவு, கடத்துதிறன் அதிகம், பயிருக்கு எந்த முட்டுப்பாடும் இல்லை. மறுபடி 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் போதும். முறைப்பாசனத்தில் உங்கள் முறை வரத் தாமதமாகும் என்று தெரிந்தால், மட்டம் 15 செ.மீ.க்கு இறங்கும்வரை காத்திருக்காமல் முந்தியே கட்டிக்கொள்வது நல்லது.

நட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து இதைத் தொடங்கலாம். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை காயவிடவே கூடாது, 5 செ.மீ. தண்ணீர் நிற்கட்டும். அந்தச் சமயத்தில் தண்ணீர் குறைந்தால் கதிரில் பதர் கூடிவிடும். பூப்பு முடிந்து பால் பிடித்ததும் குழாயைப் பார்த்துப் பாய்ச்சுவதை மறுபடி தொடரலாம்.